ஜெனீவாக் காகிதங்கள்

சுவிட்சர்லாந்தின் ஓல்டன் நகர முதியோர் இல்லத்தில் நான் துப்புரவு வேலை செய்தபோது அங்கிருந்த ஓர் அம்மையாருக்குத் தொண்ணூறு தாண்டியிருந்தது. மெலிந்தவர், எப்போதும் நிமிர்ந்தே உட்காருவார். அணுவாயுதங்களைக் கட்டுப்படுத்த ஜெனீவாவில் நடந்த ஆரம்பகாலப் பேச்சுகளில் தட்டச்சு செய்தவர். அவற்றின் பிரதிகளைக் கயிற்றால் கட்டிக் கதவடியில் வைத்து, தினமும் ஒரு கட்டை அவிழ்த்து வாசிப்பார்.

இந்த நாட்டில் கழிவுக் காகிதத்தையும் அப்படித்தான் கட்டி வைப்பார்கள். காகிதம் எடுக்கும் நாளில் அவற்றையும் நான் லொறியில் ஏற்றிவிட்டேன்.

காகிதங்களைக் காணவில்லை என்றதும் பழி என்னோடு வேலை செய்த தமிழ்ப் பெண்மேல் விழுந்தது. "அண்ணை, என்னை வேலையால நிப்பாட்டப் போகினமாம். அந்தக் கட்டுகளை நீங்கள் கண்டனீங்களோ?" என்று அழுதாள்.

"இல்லைப் பிள்ளை" என்றேன். அந்தப் பொய்க்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

மூன்றாம் நாள் அம்மையாரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். ஜெர்மனில் அவர் சொன்னது எங்கள் பேச்சில் இப்படி வரும்: "அங்கை அமெரிக்கா, ரஷ்யா எண்டு ரெண்டு பக்கமும், ஒளிச்சு வைச்சிருக்கிறதை முதல்ல நீ காட்டு எண்டு வருசக்கணக்கா இழுபட்டவை. ஒருத்தரும் காட்டேல்லை. நீர் மூண்டே நாளில வந்திட்டீர்!"

உடனே மேலாளரைக் கூப்பிட்டு, அந்தப் பெண்ணில் பிழையில்லை என்றார். அவளுடைய வேலை தப்பியது.

"இனி எதை வாசிப்பீங்கள்?" என்று கேட்டேன்.

"முடிவு எனக்குத் தெரியும்தானே" என்றார்.

ஆயுள் முழுக்கக் காத்ததை இழந்தவர் எப்படிச் சிரித்தார் என்று இப்போதும் யோசிக்கிறேன்.