மூன்றாவது வரியை யாரும் சொல்லவில்லை: போடிமெட்டு முதல் மதுரை வரை ஒரு ஸ்கேன் பயணம்

கடந்த ஜூலையில், சாரல் பிடித்திருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, என் மகள் வெண்ணிலாவுக்கு மூளை ஸ்கேன் எடுக்க மதுரைக்குப் போனோம். எடுக்காமலே திரும்பினோம். வைத்தியத்துக்காக மலையிலிருந்து இறங்கும் பெற்றோருக்கு உதவும் என்று வழி, நேரம், செலவு எல்லாம் எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை. அதையும் சேர்த்தே படியுங்கள்.

நான் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பவள். பிளஸ் டூ வரை படித்தவள். வெண்ணிலாவுக்குப் பதினான்கு வயது. பிறவியிலேயே காது கேட்காது. கண்கள் நீலம், நெற்றி முடியில் ஒரு கொத்து வெள்ளை. அவளுக்கு எட்டு வயதானபோது ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், இது வார்டன்பர்க் சிண்ட்ரோம், அபூர்வமான மரபணுக் கோளாறு என்றார்கள். தலையை எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். "மூளை நார்மல், கவலைப்படாதீங்க" என்று சொல்லி டாக்டர் கவரைக் கையில் கொடுத்தார். ஆறு வருடம் அந்தக் கவர் எங்கள் பெட்டிக்குள் கிடந்தது.

சின்ன வயதிலிருந்தே தடுமாறித்தான் நடப்பாள்; போன வருடத்திலிருந்து படிகளில் விழவும் ஆரம்பித்தாள். போடி டாக்டர், மதுரையில் புதிதாக ஒரு ஸ்கேன் எடுத்து நரம்பு டாக்டரைப் பார்க்கச் சொன்னார்.

மெட்டிலிருந்து காலை 5.45-க்கு ஜீப். ஆளுக்கு நூறு ரூபாய். போடிக்கு 26 கிலோமீட்டர், பதினேழு கொண்டை ஊசி வளைவு. வாந்தி வருபவர்கள் முன்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். எங்களுக்குப் பின்னால்தான் இடம் கிடைத்தது, ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவில். டிரைவர் முருகேசன் அண்ணன், "மூட்டையில சாஞ்சுக்க ஆத்தா, சென்ட்டுக் கடைக்குள்ள இருக்காப்புல இருக்கும்" என்று மூக்கைத் தொட்டுக் காட்டினார். வெண்ணிலா சிரித்தாள்.

ஏழு மணிக்குப் போடி. அங்கிருந்து மதுரைக்குக் காலையில் ரயில் கிடையாது, சாயங்காலம்தான். ஆஸ்பத்திரி சோலிக்குப் பஸ்சுதான் சரி. 7.15-க்கு ஏறினால் 9.45-க்கு ஆரப்பாளையம். மாற்றுத்திறனாளி அட்டை இருந்தால் கட்டணச் சலுகை உண்டு. அட்டையின் அசலைக் கொண்டுபோங்கள், ஜெராக்ஸைக் காட்டினால் கண்டக்டர் சண்டைக்கு வருவார். தேனி வரை ஒரு அம்மாள் என் மகளின் கண்களையே பார்த்துவிட்டு, லென்ஸா என்று கேட்டார். பிறவி என்றேன். பாவம் என்றார். அதற்கு மேல் நான் அவரிடம் பேசவில்லை.

மதுரை நரம்பு டாக்டர் சின்ன வயதுப் பெண். முதலில் பழைய ஸ்கேனைக் கேட்டார். ஃபிலிமை வெளிச்சத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ரிப்போர்ட்டைப் படித்தார்.

"இதை உங்களுக்கு யாராவது விளக்கிச் சொன்னாங்களாம்மா?"

இல்லை என்றேன்.

"மூணாவது வரி. வாசனையை வாங்குற குமிழ் ரெண்டு பக்கமும் இல்லைன்னு எழுதியிருக்கு. பாப்பாவுக்கு வாசனை தெரியுமா?"

மூக்குக்கு மேலே, மூளையின் அடியில் இருக்கும் சின்னக் குமிழ்கள் அவை. இந்த சிண்ட்ரோம் உள்ள சில பிள்ளைகளுக்கு அவை உருவாவதே இல்லையாம். நான்காவது வரியில், உடம்பை நிதானமாக நிறுத்தும் உள்காதுக் குழாய்கள் சரியாக அமையவில்லை என்று இருந்தது. படியில் விழுவது அதனால்தான். மூளையில் வேறு கோளாறு இல்லை என்பது கடைசி வரி. அந்த ஒரு வரியைத்தான் ஆறு வருடத்துக்கு முன்பு எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். குமிழ் இல்லாத பிள்ளைகள் வயதுக்கு வரத் தாமதமாகலாம், அதற்கு மருந்து இருக்கிறது என்று ஹார்மோன் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். புது ஸ்கேன் தேவையில்லை என்றார்.

எனக்கு மே மாதம் நடந்தது கண்முன் வந்தது. ஒரு மதியம் அடுப்பில் பால் பொங்கித் தீ அணைந்து, வீடு முழுக்க கேஸ் பரவியிருந்தது. அடுப்புக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து வெண்ணிலா படம் வரைந்துகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு செல்வி அக்கா ஓடிவந்து சிலிண்டரை மூடியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்குமோ. நான் தோட்டத்திலிருந்து வந்ததும், அத்தனை பேர் முன்னாலும் மகளை அறைந்தேன். காதுதான் இல்லை, மூக்குமா இல்லை என்று கத்தினேன். எதற்கு அடி என்றே தெரியாமல் அவள் நின்றாள்.

டாக்டர் முன்னாலேயே அவளிடம் கைஜாடையில் கேட்டேன். வாசனை என்பதும் காது கேட்கிறவர்களுக்குக் கேட்கும் ஒன்று என்று நினைத்திருந்தாளாம். எல்லாரும் மூக்கைத் தொட்டுச் சிரித்தால், தானும் சிரித்துவிடுவாளாம்.

திரும்பும் பஸ்சில், ஆண்டிபட்டி தாண்டும்போது, அவள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். கையை விடுவித்துக்கொண்டு, "இனிமே அடிக்கிறதுக்கு முன்னாடி கேளு" என்று ஜாடை காட்டினாள்.

அடுத்த வாரம் அந்தப் பழைய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த டாக்டர் இப்போது அங்கே இல்லை. "ரிப்போர்ட்லதான் எழுதிக் குடுத்திருக்கோமே" என்றார் கவுண்டரில் இருந்தவர். "எழுதுனீக. சொன்னீகளா?" என்று கேட்டேன். புகாரை எழுதிக் கொடுத்து, கையெழுத்து வாங்கி வந்திருக்கிறேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை. அந்தக் கோபத்தில் ஒரு பங்கு என் மேலும்தான். ஆறு வருடமும் போன் என் கையில்தான் இருந்தது. ரிப்போர்ட்டில் இருந்த இங்கிலீஷ் வார்த்தைகளுக்கு என்ன அர்த்தம் என்று ஒருநாளும் நான் தேடவில்லை.

இனிப் போகிறவர்களுக்கு. பழைய ஃபிலிம், ரிப்போர்ட், சி.டி. மூன்றையும் கொண்டுபோங்கள். கேஸ் கசிந்தால் விளக்கு மின்னும் கருவி மதுரையில் ஆயிரத்து நானூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, காது கேட்காத பிள்ளை இருக்கிற வீட்டில் மாட்டிவிடுங்கள். டாக்டர் "நார்மல்" என்று சொல்லிக் கவரை நீட்டினால் வாங்காதீர்கள். ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். வெளியே எத்தனை பேர் காத்திருந்தாலும், சொல்லி முடிக்கும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.