தணலில் ஊற்றிய தண்ணீர்

ஊரிலிருந்து வாசிப்பவர்கள் நம்பமாட்டார்கள். நல்ல வீட்டைப் பூட்டிவிட்டு, சின்ன வீடொன்றைக் காரின் பின்னால் கொளுவிக்கொண்டு போய்க் காட்டோரம் படுப்பவர்கள் டெனிஷ்காரர். கம்பிங்வொன் என்று அதற்குப் பெயர். வீடிழந்து வந்தவர்களுக்கு இது விளங்கக் கொஞ்சக் காலம் எடுக்கும். எண்பத்தாறாம் ஆண்டுக் கோடையில், டென்மார்க்கின் விபோர்க் நகரத் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த ஏரிக், என்னையும் மனைவி தவத்தையும் தன் கம்பிங்வொன்னில் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனான். அவனுடைய சின்ன மகள் மெட்டாவும் வந்தாள்.

ஏரிக் நெருப்பு மூட்டிய விதம் எனக்குச் சிரிப்பாக இருந்தது. காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தான். வண்டிக்கு எட்டத்தில் காய்ந்த புல்லைச் செதுக்கிவிட்டு, வட்டமாகக் கல் அடுக்கினான். வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வைத்த பிறகுதான் தீப்பெட்டியையே எடுத்தான். மூட்டுவதற்கு முன்னமே அணைக்க ஆயத்தம்! தவம் அதில் தேநீர் வைத்தாள். யாழ்ப்பாணத்தை விட்டு வந்தபின் விறகு நெருப்புக்குப் பக்கத்தில் அவள் இருந்தது அன்றுதான். முகம் சற்றுத் தெளிந்திருந்தது. எங்கள் மகள் வாணியை ஊரில் தன் தமக்கையிடம் விட்டுவிட்டு வந்தவள் அவள். பிள்ளைக்கு விசா வரும் வரும் என்று காத்திருந்தோம்.

சூரியன் மறைய மனமில்லாமல் நின்றது. படுக்கப் போகுமுன் தவம் தணலைச் சாம்பலால் மூடி, மேலே மண்ணும் தூவினாள். ஊரில் அடுப்பை அப்படித்தான் மூடுவோம். விடியக் கிளறினால் நெருப்பு இருக்கும். ஏரிக் ஓடிவந்து வாளியைத் தூக்கினான். தவம் குறுக்கே நின்றாள். தணலிருக்கும் அடுப்பில் தண்ணீர் ஊற்றுவது வீட்டுக்கு ஆகாது என்று நினைப்பவள்.

"பிள்ளை அங்க இருக்கேக்க அடுப்பில தண்ணி ஊத்துறதே? வேண்டாமெண்டு சொல்லுங்கோ."

எனக்குத் தெரிந்த அரைகுறை டெனிஷில் இதை எப்படிச் சொல்வது? "அவளுக்கு நெருப்பு வேண்டும்" என்றேன். குளிர்கிறதாக்கும் என்று ஏரிக் கம்பளிப் போர்வையை நீட்டினான். தவம் வாங்கவில்லை. பிறகு அவன் மெட்டாவை அழைத்து, அவளுடைய உள்ளங்காலைத் திருப்பிக் காட்டினான். சுருங்கிய தழும்பு. யாரோ கடற்கரையில் மண்ணால் மூடிவிட்டுப் போன தணலை வெறுங்காலோடு மிதித்தாளாம். மேலே ஒன்றுமே தெரியவில்லையாம். அதைத் தவத்துக்குச் சொன்னேன்.

தவம் அந்தக் காலைக் கையில் ஏந்திப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மெட்டா கூச்சத்தில் சிரித்தாள். பிறகு தவமே வாளியை வாங்கி ஊற்றினாள். கிளறினாள், இன்னும் ஊற்றினாள். ஏரிக் காட்டியபடி புறங்கையால் சூடு பார்த்தாள். அவன் போதும் என்ற பிறகும் விடவில்லை. கரிச்சேற்றுக்குள் விரல்விட்டுத் தேடினாள். நான் பக்கத்தில் குந்தினேன்.

"போதும் தவம், நெருப்பு நூர்ந்திட்டுது."

"பொறுங்கோப்பா" என்றாள். "வாணி வந்தால் இஞ்சயும் செருப்புப் போடமாட்டாள்."