தேர் விளக்குக்குக் கொடுத்த பேட்டரி

ஒரு பேட்டரிக்காக என் கூட்டாளியோட பேச்சை விட்டேன்னு சொன்னா இன்னைக்கும் சிரிக்கிறாங்க. சிரிக்கட்டும். அவங்க அக்கா ரயிலேறிப் போகல.

நான் அப்ப மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல கணக்கப்பிள்ளை. அவன் பெக்டரியில எஞ்சின் பாக்குறவன். ரெண்டு பேருகிட்டயும் ஒரே மாதிரி ஜப்பான் மோட்டார் சைக்கிள், ரெண்டும் பழசு. பேட்டரி செத்தா எத்தனை உதை உதைச்சாலும் கிளம்பாத ஜாதி. எனக்கு ஓட்ட மட்டும்தான் தெரியும். வண்டிக்குக் காய்ச்சல்னா அவன்தான் டாக்டர். "முதல்ல பேட்டரியப் பாரு மச்சான், அப்புறம் மத்ததைப் பாரு"ன்னு ஓயாம ஓதுவான். எங்க அக்கா கையால அவன் திங்காத ரொட்டி இல்ல. அவனும் அவளை அக்கான்னுதான் கூப்பிடுவான்.

எங்க தோட்டத்துல அம்மன் தேரு ஆளுங்க குடியிருக்கிற லயம் லயமா சுத்தி வரும். லயத்துல ஏது கரண்டு? அதனால வண்டி வச்சிருக்கிறவன் எல்லாம் பேட்டரியக் கழட்டிக் கொடுக்கணும், அது வழக்கம். எல்லாத்தையும் சேத்துக் கட்டித்தான் தேர்ல பல்பு எரியும். நான் ஹட்டன்ல புது பேட்டரி வாங்கி மாட்டி ஒரு மாசம்கூட ஆகல. ஆனா அம்மனுக்குன்னு கேட்டா இல்லைன்னு சொல்ல முடியுமா? அவனே வந்து கழட்டினான். திருவிழா முடிஞ்சதும் அவனே கொண்டாந்து மாட்டினான்.

அதுல இருந்து என் ஹார்ன் சளி புடிச்ச மாதிரி கத்துச்சு. லைட்டும் மங்கிப் போச்சு. கேட்டா, "இந்தக் குளிருக்கு அப்படித்தான் மச்சான்"னான். அவன் சொன்னா எனக்கு வேதவாக்கு.

அந்த நேரம் பார்த்து, தோட்டத்து ஆளுங்களை இந்தியாவுக்கு அனுப்புற ஒப்பந்தத்துல அக்கா குடும்பத்துக்கு இந்தியா பாஸ்போட்டு வந்துச்சு. எனக்கு இங்கதான் பிரஜாவுரிமைன்னுட்டாங்க. ஒரு வயித்துல பொறந்த ரெண்டு பேருக்கு ரெண்டு நாடு, என்ன அநியாயம் பாருங்க! அம்மா அப்பா செத்துப் போனப்புறம் என்னைத் தூக்கி வளத்தவ அவ. "நீ வந்து நிக்காம நான் ரயில் ஏறமாட்டேன்டா"ன்னு சொல்லியிருந்தா. கடைசியா ஒரு தடவை அவ முகத்தைப் பாக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.

அவ ரயில் ஏறுற அன்னைக்குக் காலையில, பெரட்டுல பேர் கூப்பிட்டு முடிச்சு, ஆளுங்களை மலைக்கு அனுப்பிட்டுத்தான் போகணும்னுட்டாரு தொரை. அதுக்குள்ள காலை பஸ்ஸு போயிருச்சு, அடுத்த பஸ்ஸுக்கு நின்னா ரயில் கெடைக்காது. வண்டியை எடுத்துக்கிட்டு ஹட்டன் ஸ்டேஷனுக்குப் பறந்தேன். நோர்வூட் தாண்டி ஒரு ஏத்தம். எதுக்க லொறி வந்துச்சுன்னு ஒதுங்கினேன், வண்டி அணைஞ்சு போச்சு. உதைச்சேன், உதைச்சேன், கால்தான் வலிச்சுச்சு.

கொஞ்ச நேரத்துல அவன் வந்தான். வளைவுக்கு அந்தப் பக்கமே அவன் ஹார்ன் கணீர்னு கேட்டுச்சு. பின்னால அவன் சம்சாரம், மடியில அக்காவுக்குக் கட்டின சோத்துப் பொட்டலம். அவங்களும் வழியனுப்பத்தான் போறாங்க. அப்பாடா, தெய்வமே அனுப்பிச்சுன்னு நெனைச்சேன்.

பெட்ரோல் வருதான்னு பாத்தான். பிளக்கைக் கழட்டித் துடைச்சான். பாயிண்டை உரசினான். "காயில் போயிருச்சு மச்சான்"னான்.

"சாவி போட்டா எரியிற சின்ன லைட்டுகூட எரியலியேடா?"

"வயரு எங்கயாவது அறுந்திருக்கும்." என் மூஞ்சியப் பாக்காமலே சொன்னான். நேரம் போய்க்கிட்டே இருந்துச்சு. அந்த ஆளில்லாத ரோட்டுல ஒரு பொம்பளையை நிக்க வச்சுட்டு என்னை ஏத்திக்கிட்டுப் போடான்னு எப்படிக் கேப்பேன்? "இவளை ஸ்டேஷன்ல விட்டுட்டு ஓடி வர்றேன்"னு கிளம்பிட்டான். வரவே இல்ல.

காத்துக்கிட்டு நிக்கும்போதுதான் எனக்கு உறைச்சுச்சு. முதல்ல பேட்டரியப் பாருன்னு ஓதுறவன், இன்னைக்கு அதை மட்டும் தொடவே இல்லையே! ஒரு காசை விட்டு நெம்பிப் பக்கத்து மூடியத் திறந்தேன். உள்ள உப்பிப் போன ஒரு பேட்டரி, முனையெல்லாம் வெள்ளையா பூத்துக் கெடக்கு. மூலையில ஒரு வெடிப்பு, தார் வச்சு அடைச்சது. அவன் தன் வண்டி பேட்டரியில அந்த வெடிப்பை அடைச்சப்ப டார்ச் புடிச்சு நின்னவனே நான்தான்.

படுபாவி! திருடினதைக்கூட விடுங்க, தொலையட்டும். ரெண்டு வயரு, ஒரு பட்டி. கழட்டி மாட்ட பத்து நிமிஷம் ஆகாது. "மாறிப்போச்சு மச்சான்"னு ஒரு பொய்யச் சொல்லி என் பேட்டரிய எனக்கு மாட்டியிருந்தா நான் போயிருப்பேன், அவன் பஸ் புடிச்சு வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். முழுப் பூசணிக்காயை சோத்துல மறைக்க, என் அக்காவையே எனக்கு இல்லாம ஆக்கிட்டான்.

ஒரு மரக்கறி லொறிக்குக் கை காட்டி ஏறிப் போனேன். ரயில் போயிருச்சு. பிளாட்பாரத்துல வைக்கோலும் உடைஞ்ச சட்டியும்தான் கெடந்துச்சு. அங்கேயே உக்காந்து அழுதேன்.

சாயந்தரம் அவன் வாசல்ல போய் நின்னேன். "பேட்டரிதானே மச்சான்? எடுத்துக்கோ. தேர்ல எல்லாம் கலந்து போச்சு"ன்னு சிரிக்கப் பாத்தான். அவனைத் தொட விடல. நானே கழட்டி எடுத்தேன். அவன் சம்சாரம் பின்னாலயே வந்து மெதுவா சொல்லுச்சு.

"அண்ணே, அக்கா ஏறவே மாட்டேன்னு படியிலயே நின்னாங்க. இவருதான் சொன்னாரு, 'அவன் வரலக்கா, உங்களைப் பாத்தா தாங்கமாட்டேன்னு வீட்டுலயே இருந்துட்டான்'னு. அக்காவை எப்படியாவது ஏத்தணுமேன்னுதான் சொன்னாரு போல. நீங்க தப்பா நெனைக்காதீங்க."

நான் அக்காவுக்கு எழுதினேன். வண்டி நடுரோட்டுல நின்னுருச்சு, பேட்டரி செத்துப்போச்சு, அதான் வர முடியலன்னு. பதில்ல மழை, வெயிலு, புள்ளைங்க படிப்புன்னு எல்லாம் எழுதியிருந்தா. நான் எழுதினதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. மறுபடியும் எழுதினேன். அதுக்கப்புறமும் எழுதினேன். கடைசியா ஒரு பதில் வந்துச்சு.

"பேட்டரி கதையெல்லாம் எதுக்குடா எனக்கு? நீ வராததும் நல்லதுதான். உன் மனசு எனக்குத் தெரியாதா?"