கம்ப்யூட்டராக உட்கார்ந்த அக்கா

“எல்லாத்தயும் கம்ப்யூட்டரே பாத்துக்கும்னா, இதுல நீ செஞ்சது என்னாடி இருக்கு?” நான் வடிவமைத்த முதல் கார்டைப் பார்த்து அக்கா கேட்டது இது. சிதம்பரத்தில் ஒரு மாடி அறையில், ஆளுக்கொரு கட்டு கார்டு சேர்த்துக்கொண்டு எதிராளியோடு மோதும் விளையாட்டைப் போனுக்கு மட்டும் தயாரித்துக்கொண்டிருந்தோம். நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுபவர் லால்பேட்டையிலிருந்து வருவார்; ஆட்டங்களைச் சோதிப்பவர். நான் கடலூர்க் கடலோரத்தில் படகுக்காரர் மகள், எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள். விளையாட்டில் சேர்த்துக்கொள்ளும் ஒவ்வொரு கார்டின் அடியிலும் வடிவமைத்தவர் பெயர் வரும். அங்கே என் பெயர் வர வேண்டும் என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறு நினைப்பில்லை.

கார்டின் பெயர் ஓதம், கடல் பொங்கி ஏறுவது. அதைப் போட்டால் நம் கையிலுள்ள படகுக் கார்டுகளில் ஒன்றை அலை கொண்டுபோகும். சில சுற்றுகள் கழித்து அது கப்பலாகவோ வெறும் கட்டையாகவோ திரும்பும். எதுவாக என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப்போட்டு எடுக்கும்; அது கம்ப்யூட்டருக்கு மட்டுமே தெரியும். காகிதக் கார்டில் இந்த ரகசியத்தை யார் சுமப்பது? திரையில்தான் முடியும் என்பதே என் பெருமை. ஆனாலும் எந்தக் கார்டையும் முதலில் துண்டுக் காகிதங்களில் எழுதி ஆடிப் பார்ப்பது எங்கள் வழக்கம். அப்போது ஒருவர் கம்ப்யூட்டராக உட்கார வேண்டும். டிபன் டப்பா மூடிக்கு அடியில் துண்டுகளை மறைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்தார். யாராவது, “கப்பலக் குடுக்கா,” என்று கெஞ்சினால், “கம்ப்யூட்டரு பேசாதுப்பா,” என்பார். மூடி மெல்ல உயரும். மதிய வெளிச்சத்தில் அந்தச் சிறிய காகிதம் நிஜமாகவே எங்கிருந்தோ மிதந்து வருவதுபோல் இருக்கும். சாயங்காலம் கடலூர் பஸ்ஸில் கண்ணை மூடினால், இருக்கைகளுக்கு நடுவே படகுகள் வந்துகொண்டே இருக்கும்.

திரையில் ஏற்றியதும் அதே கார்டு செத்துப்போனது. தோற்பவருக்கு மறுபடி மறுபடி கட்டையே வந்தது. எல்லோரும் சலித்துப் போனைக் கவிழ்த்துவைத்தார்கள். “காயிதத்துல நல்லாத்தானக்கா இருந்துச்சு?” என்றேன். அக்கா துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். “தோத்துக்கிட்டு இருக்கறவங்க மூஞ்சியப் பாத்துட்டு எப்பிடிடி கட்டயக் குடுக்கறது?”

“ஒனக்குக் கம்ப்யூட்டரா இருக்கத் தெரியலக்கா!”

அந்த இரக்கத்தையும் விதியாக எழுதிப் பார்த்தோம்: தோற்பவருக்கே கப்பல். ஒரே மதியத்தில் எல்லோரும் அதைக் கண்டுகொண்டு வேண்டுமென்றே தோற்கத் தொடங்கினார்கள். ஓதத்தை விளையாட்டிலிருந்தே நீக்கிவிட்டார்கள்; விளையாட்டு என் பெயர் இல்லாமல் வெளியானது. அக்கா கல்யாணமாகிச் சென்னை போனார். திரைக்கென்றே செய்ததாக நான் நினைத்திருந்த கார்டு, உண்மையில் எதிரில் ஒரு முகம் இருந்தால் மட்டும் உயிரோடிருப்பது என்று புரிய எனக்கு வெகுநாள் ஆயிற்று.

இப்போது ஓதத்திலிருந்து கம்ப்யூட்டரையே எடுத்துவிட்டேன். திரும்பி வருவது கப்பலா கட்டையா என்பதை எதிராளியே நம் முகத்தைப் பார்த்து முடிவு செய்வார். கட்டை கொடுத்தால் அவருடைய படகு ஒன்றையும் அலை கொண்டுபோகும். அது என்னவாகத் திரும்பும் என்பது நம் கையில். போன வாரம் கடலூர் அச்சகம் ஒன்றில் கெட்டி அட்டையில், அடியில் என் பெயரோடு, இரண்டு கட்டுகள் அடித்து வாங்கினேன். ஒன்றை அக்காவுக்கு அனுப்பியாயிற்று. மற்றதை வைத்து ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு ஆடினேன். அவர் வெகுநேரம் என் முகத்தையே பார்த்திருந்துவிட்டு, சிரித்துக்கொண்டே கட்டையைக் கொடுத்தார். அவருடைய படகுகளில் நல்லதாக ஒன்றை நான் அலைக்கு இழுத்துக்கொண்டேன்.