நியான் மீனும் துவரம்பருப்பும்

என் வீட்டுக்காரருக்கு மீன் பைத்தியம் பிடித்தபோது அவருக்கு வயது நாற்பத்து நான்கு. "அந்த வயசுல மத்த ஆம்பளைங்களுக்கு என்னென்னவோ பைத்தியம் புடிக்குது. உனக்கு மீனோட போச்சே, சந்தோஷப்படு" என்று என்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த டீச்சர் சொன்னாள். நானும் கொஞ்ச நாள் சந்தோஷப்பட்டுப் பார்த்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி. செங்கல்பட்டில் வாடகை வீடு. டிவிக்கென்று வாங்கிய மேசையில் மீன் தொட்டி உட்கார்ந்தது, டிவி நாற்காலிக்குப் போனது. தொட்டிக்குள் பத்து நியான் மீன்கள். ஒவ்வொன்றும் என் சுண்டுவிரலில் பாதி இருக்கும். மேலே நீலக் கோடு, கீழே சிவப்பு. ஒன்று திரும்பினால் பத்தும் திரும்பும். காலை அசெம்பிளியில் என் வகுப்புப் பிள்ளைகளை அப்படித் திருப்புவதற்கு நான் தொண்டை கிழியக் கத்த வேண்டும். அதனால் கொஞ்சம் பொறாமையோடுதான் பார்ப்பேன்.

வளர்த்ததோடு விட்டிருந்தால் வம்பே இல்லை. குஞ்சு பொரிக்க வைக்கிறேன் என்று கிளம்பினார். மீன் கடைக்காரர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்: "சார், நியான் நம்ம ஊரு தண்ணில குஞ்சு வுடாது. உப்புத் தண்ணி சார். பேசாம கப்பி மீனு வளத்துக்கினு போங்க." முடியாது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், இவருக்கு ரோஷம் வந்துவிடும். மதுராந்தகத்தில் அவருக்கு ஆபீஸ். தினமும் ஒரே ரயில் பெட்டியில் போகும் சீசன் டிக்கெட் கூட்டம் ஒன்று உண்டு. அவர்களிடம் போய், பொங்கலுக்குள் ஆளுக்கு ரெண்டு குஞ்சு தருகிறேன் என்று வாயை விட்டுவிட்டு வந்தார்.

ஐப்பசி மழைக்குக் கொல்லையில், மாடித் தண்ணீர் இறங்கும் குழாயின் கீழே ஒரு நீல டிரம்மை வைத்தார். முதல் மழை மொட்டை மாடியைக் கழுவிவிட்டுப் போகட்டும் என்று விட்டு, அடுத்த மழையைத் தன் வேட்டியில் வடிகட்டிப் பிடித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "மகாபலிபுரம் போலாமா?" என்று என்னைக் கேட்டார். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவராகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பினேன். கடற்கரைக்குப் போகிற வழியில் ஒரு பாதாம் மரத்தடியில் குனிந்தவர் நிமிரவே இல்லை. காய்ந்த இலை பொறுக்குகிறார்! தண்ணீரில் ஊறப் போட்டால் மீன் முட்டைக்கு நல்லதாம். கர்மம் என்று நானும் பட்டுப்புடவையோடு ஒரு பை நிறையப் பொறுக்கினேன்.

ஹால் மூலையில் சின்னத் தொட்டி ஒன்று வந்தது. அதுதான் பிரசவ வார்டு. அதற்கு டிரம் தண்ணீர் மட்டும்தான். வெளிச்சம் பட்டால் முட்டை கெட்டுவிடும் என்று அதன்மேல் என்னுடைய கறுப்பு உள்பாவாடையைப் போர்த்தினார். வீட்டுக்கு வந்தவர்கள் இது என்ன என்று கேட்டால், "உள்ள மீனு கீது" என்பார். பாவாடையைப் பற்றி அவரும் சொல்லமாட்டார், அவர்களும் கேட்கமாட்டார்கள்.

இனி என் லட்சணத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீர் ஒரே உப்பு, அதில் துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் வேகாது. மத்தால் கடைந்து கடைந்து கை கழன்றுவிடும். கொல்லையில் ஒரு டிரம் நிறைய மழைத் தண்ணீர் சும்மா நிற்கிறது. ஒரு நாள் ஒரு சொம்பு எடுத்தேன். பருப்பு வெண்ணெய் மாதிரி குழைந்தது! மறுநாளும் எடுத்தேன். அப்புறம் தினமும் எடுத்தேன். மனிதர் டிரம்மில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்தார், அதுவும் என் பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ். கோடு இறங்கினால் கேட்பாரே என்று, எடுத்த சொம்புக்குச் சொம்பு போர் தண்ணீரை ஊற்றிச் சரிக்கட்டினேன். தண்ணி தண்ணிதானே என்று நினைப்பு. பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று பாடம் நடத்துகிறவள் நான்.

சாயங்காலம் ஒரு ஜோடியை வார்டில் விடுவார். காலையில் முட்டை இருக்கும். பெற்றதுகளே முட்டையைத் தின்றுவிடும் என்று ஜோடியைப் பெரிய தொட்டிக்கு மாற்றிவிட்டுக் காத்திருப்பார். மறுநாள் பார்த்தால் முட்டை எல்லாம் வெள்ளையாகப் பூத்துச் செத்திருக்கும். மூன்று தடவை இப்படியே ஆனது. பொங்கலும் வந்து போனது. ரயிலில் ஒரே கலாட்டா. "இன்னா அண்ணாத்த, பிரசவம் ஆச்சா? ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போலாமா?" முதலில் அதையெல்லாம் வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொல்வார். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார்.

மாசியில் ஒரு நாள் அரை மணி முன்னாலேயே கிளம்பினார். ஏங்க என்றேன். "பஸ்ல போறேன். ரயிலு லேட்டாவுது" என்றார். ரயில் ஒன்றும் லேட்டாகவில்லை. சட்டைப் பையில் சீசன் டிக்கெட்டை வைத்துக்கொண்டு இந்த மனிதர் பஸ்ஸில் நின்றபடி போகிறார். அந்தப் பெட்டிக்காரர்கள் இல்லாமல் அவருக்குத் தீபாவளிகூட விடியாது. வீட்டிலும் பேச்சு குறைந்தது. ஒரு நாள் காலி வார்டைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "மழைத் தண்ணிலயும் ஆவலன்னா கோளாறு எங்கிட்டதாம்மா. எங் கைராசி அப்டி. எதத் தொட்டாலும் வெளங்காது." அப்போதுதான் அந்தச் சொம்பும் இந்த முட்டையும் என் மண்டையில் ஒன்றாகச் சேர்ந்தன. சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

சித்திரையில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் மீன்களைக் கடைக்கே திருப்பிக் கொடுக்க முடிவு செய்து, பிளாஸ்டிக் பையில் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து கோடை மழை கொட்டியது. நான் அண்டா, குண்டா, இட்லிப் பானை, குக்கர் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினேன். பக்கத்து மாடியில் துணி எடுக்க வந்தவள் கத்தினாள்: "இன்னாக்கா, இம்மாம் சட்டி வெச்சிகினு கீற, வூடு ஒழுவுதா?"

சொட்டச் சொட்டக் கீழே வந்து, "ஏங்க, நல்ல தண்ணி புடிச்சிருக்கேன். இன்னும் ஒரே ஒரு தடவ பாருங்க" என்றேன்.

"வேணாம்மா. எங் கைக்கு ஒண்ணும் வராது, வுட்டுடு" என்று பையின் வாயில் ரப்பர் பேண்டைச் சுற்றினார்.

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. பருப்பு, சொம்பு, சாக்பீஸ் கோடு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கத்தப் போகிறார் என்று சுவரோரம் ஒதுங்கி நின்றேன்.

"போர் தண்ணியா ஊத்தின?"

"ஆமாங்க."

"எவ்ளோ?"

"பாதி டிரம்முக்கு மேலயே இருக்கும்."

பையைக் கீழே வைத்தார். "அப்போ எங் கைல கோளாறு இல்லியா?"

"இல்லீங்க."

"நான் செஞ்சதெல்லாம் சரிதானா?"

"எல்லாமே சரிதாங்க. நான்தான் கெடுத்துட்டேன்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. திட்டியிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். ஒரு மனிதரை இத்தனை நாள் தன்னைத்தானே நொந்துகொள்ள விட்டேனே என்று எனக்கு அழுகை முட்டியது. அவர் ரப்பர் பேண்டைக் கழற்றிவிட்டு, "அண்டா ரொம்பிச்சா பாரு" என்றார்.

இந்தத் தடவை முட்டை வெள்ளையாகவில்லை. சில நாளில் தொட்டிச் சுவரில் கண்ணாடித் தூள் மாதிரி என்னவோ ஒட்டிக்கொண்டிருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் கண் இருந்தது. ஆனி பிறந்தபோது இருபதுக்கு மேல் நீந்தின, நீலக் கோடும் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயில் கூட்டம் முழுக்க வீட்டுக்கு வந்துவிட்டது. மீன் கடைக்காரரும் வந்து, தொட்டியில் மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்து பார்த்துவிட்டு, "எப்டி சார்?" என்றார்.

"எல்லாம் டீச்சரம்மாதான். டிரம்முல தண்ணி ஒரு சொட்டு கொறையாம பாத்துக்கினது அவங்கதான்" என்றார் இவர், முகத்தில் ஒரு சிரிப்புகூட இல்லாமல்.

அத்தனை பேரும் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். "குடுத்து வெச்சவன்யா நீ" என்றார் ஒருவர். காபித் தட்டோடு நின்ற எனக்குப் பூமிக்குள்ளே போய்விடலாம் போல இருந்தது. இவர் மீசைக்குள் சிரிக்கிறார். இந்த மனிதர் ஒருத்தரைக் கேலி பேசிக் கேட்டு மாதக்கணக்காகிவிட்டது. பேசட்டும், என்னை வைத்தே பேசட்டும் என்று இவருக்கே முதல் டம்ளரை நீட்டினேன்.