சின்னம்மாவின் கோழிக்கு நான் பார்த்த வைத்தியம்

எங்கள் தெருவில் கோழிகளுக்குப் பெயர் கிடையாது. கால்தான் உண்டு. எல்லா வீட்டுக் கோழிகளும் ஒரே குப்பையைக் கிளறுவதால், குஞ்சு தாயைவிட்டுப் பிரியும் சமயத்தில் ஒவ்வொரு வீட்டிலும் தங்களுக்கென்று ஒரு விரலில் நகத்தின் நுனியைக் கத்தரித்துவிடுவார்கள். எங்கள் வீட்டு அடையாளம் இடது கால் நடுவிரல். பக்கத்து வீட்டு அத்தைக்கு வலது காலில் கடைசி விரல். கோழி யாருடையது என்று சண்டை வந்தால் அதைத் தூக்கிக் காலைப் பார்ப்பார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும். பிற்பாடு பிழைப்புக்காகப் பல ஊர் சுற்றி, பல வழக்குகளை வேடிக்கை பார்த்துவிட்டேன். அத்தனை சுத்தமாக எதுவும் தீர்ந்து பார்த்ததில்லை.

அது எழுபதுகளின் கடைசி. டி. கல்லுப்பட்டியிலிருந்து உள்ளே தள்ளி, பஸ் வராத ஊர். எனக்கு ஒன்பது வயதிருக்கும். அம்மா இறந்து ஒன்றரை வருடம் கழித்து அப்பா சின்னம்மாவைக் கட்டிக்கொண்டு வந்தார். அவள் ஒரு தகரப் பெட்டியும் ஒரு வெள்ளைப் பெட்டைக்கோழியும் கொண்டுவந்தாள். வந்து ஆறு மாதமாகியும் கோழிக்கு எங்கள் வீட்டு நகத்தை அவள் வெட்டவில்லை. பச்சைத் துணிக் கிழிசல் ஒன்றைக் காலில் கட்டிவிட்டிருந்தாள்.

அப்பா கெட்டவர் இல்லை. பேசமாட்டார், அவ்வளவுதான். கல்லுப்பட்டியில் ஒரு கிட்டங்கியில் பருத்தி மூட்டை தூக்கிவிட்டுப் பொழுது சாய சைக்கிளில் வருவார். குளிப்பார். சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவார். "உப்புப் பத்துதா?" என்று சின்னம்மா கேட்டால் தலையை ஆட்டுவார். பத்தினாலும் அதே ஆட்டம், பத்தாவிட்டாலும் அதே ஆட்டம்.

என் தலையில் ஒன்றரை வருடத்துப் பேன் இருந்தது. சின்னம்மா மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் அதை ஒழித்தாள். தலையை அவள் மடியில் சாய்த்துக்கொண்டால் தூக்கம் வரும். அந்த மூன்றாவது ஞாயிறுக்குப் பிறகு, இவள் இந்த வீட்டைவிட்டுப் போய்விடக் கூடாது என்று நான் முடிவு செய்திருந்தேன். ஆனால் அவள் வேறு முடிவில் இருந்தாள். கிணற்றடியில் பக்கத்து வீட்டு அத்தையிடம் அவள் சொல்வதைக் கேட்டேன்.

"அண்ணனுக்குச் சொல்லி விட்டுட்டேன் மதினி. வெள்ளிக்கிழமை வாராரு. நான் கெளம்புறேன்."

"அடிச்சாரா, வஞ்சாரா? என்ன கொறை உனக்கு?"

"வஞ்சாலாச்சும் நாலு வார்த்தை கேட்ருப்பேனே. கல்லுக்குச் சோறு போட்ட மாதிரி எம்புட்டு நாளைக்குப் போடுறது?"

"புள்ள ஒட்டிக்கிருச்சேடி."

சின்னம்மா வாளியை இறக்கினாள். "பெட்டியும் கோழியும்தான் நான் கொண்டாந்தது. அத எடுத்துக்கிட்டுப் போறேன்" என்றாள்.

பெட்டி என்னால் ஆகிற காரியமில்லை. பூட்டியிருந்தது. கோழி வெளியில்தான் மேய்ந்தது. எங்கள் வீட்டு நகம் வெட்டிய கோழியை யாரும் ஊரைத் தாண்டிக் கொண்டுபோக முடியாது. கோழியை விட்டுவிட்டுச் சின்னம்மா போகமாட்டாள். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு கணக்கும் இத்தனை சரியாக வந்ததில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

புதன்கிழமை வயிற்றுவலி என்று வீட்டில் இருந்துகொண்டேன். சின்னம்மா புல்லறுக்கப் போனதும், அம்மாவின் பாக்குவெட்டியை எடுத்துக்கொண்டு, கம்பு தூவிக் கோழியைக் கூப்பிட்டுப் பிடித்து, கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டேன். குஞ்சின் நகத்தில் மயிரளவு நுனியைத்தான் கிள்ளுவார்கள் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. வளர்ந்த கோழியின் நகத்துக்குள் பாதி தூரம் ரத்தம் ஓடும் என்பது தெரியாது. வெள்ளிக்கிழமை வருகிற அந்த அண்ணனுக்குத் தூரத்திலிருந்தே தெரியவேண்டும் என்று பாக்குவெட்டியை நன்றாக உள்ளே வைத்து அழுத்தினேன்.

கோழி கத்திய கத்தலில் நானே அதை விட்டுவிட்டேன். அது ஓடி, காலை உதறி, வாசல் சுவரிலும் குதிரிலும் என் பாவாடையிலும் ரத்தத்தைத் தெளித்தது. மறுபடி பிடிப்பதற்குள் முற்றமெல்லாம் பொட்டுப் பொட்டாகிவிட்டது. கோழி செத்துவிட்டால் சின்னம்மா வெறும் பெட்டியோடு போய்விடுவாள். வைத்தியம் என்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நான் கீழே விழுந்து முட்டி வீங்கியபோது மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டார்கள். அதையே செய்தேன். குழைத்ததும் அது ஆரத்தித் தண்ணீர் போலச் சிவந்தது. வெட்டிய விரல் முழுவதும் கனமாக அப்பி, பிழைத்துக்கொள் என்று கோழியை இறக்கிவிட்டேன்.

மண்ணில் சிவப்பாக ஒன்று அசைந்தால் கோழிக்கு அது தீனி. முதலில் அத்தை வீட்டுச் சேவல் வந்து தலையைச் சாய்த்துப் பார்த்து ஒரு கொத்துக் கொத்தியது. அதன் பின்னால் நாலு கோழிகள். நான் கல்லெறிந்து விரட்ட விரட்ட, அவை அந்தக் காலை விடாமல் துரத்தி வேலியோரம் மடக்கிவிட்டன.

அந்த நேரத்தில்தான் சின்னம்மா புல்லுக்கட்டோடு வந்தாள். கட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து கோழியைத் தூக்கினாள். முந்தானையால் அதன் தலையையும் இறக்கையையும் சேர்த்துப் பொதிந்தாள். உள்ளே இருட்டானதும் கோழி கத்துவதை நிறுத்தியது.

"யாரு செஞ்ச வேலை இது?"

"முள்ளு குத்திருச்சு" என்றேன்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அத்தையின் தலை தெரிந்தது. "பாக்குவெட்டி புடிச்ச முள்ளா? உன் கையில என்னாடி அது?" என்று கேட்டுவிட்டு, சின்னம்மாவைப் பார்த்து, "கோழி இனிமே தேறாது. வெரசா அறுத்துக் கொழம்பு வையி. எனக்கும் ஒரு கிண்ணம் குடு" என்றாள். பொங்கலுக்குப் பிறகு எங்கள் வீட்டில் கறி வாசனை கிடையாது. அத்தை விளையாட்டாகச் சொல்லவில்லை.

சின்னம்மா என்னைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். காலையில் காய்ச்சி ஆறிய வெந்நீரில் உப்புக் கல் போட்டு, நான் அப்பிய பற்றைக் கழுவினாள். "சுண்ணாம்பு புண்ணத் திங்கும்டி" என்றாள். கோபமாகச் சொன்ன மாதிரி இல்லை. பழைய வேட்டித் துணியை மடித்து விரலில் வைத்து, என் கையை எடுத்து அதன்மேல் வைத்தாள்.

"அழுத்திப் புடி. நின்னுச்சா நின்னுச்சான்னு எடுத்து எடுத்துப் பாக்காத. பாத்தா நிக்காது."

அழுத்திப் பிடித்துக்கொண்டேன். துணிக்குள் கோழியின் கால் சூடாக இருந்தது.

"எதுக்கு வெட்டுன?"

"அடையாளம்" என்றேன். "இனிமே இது எங்க வீட்டுக் கோழி. ஊரத் தாண்டிக் கொண்டுபோக முடியாது."

"சரி, கோழி இங்கனயே கெடக்கட்டும். நான் போகலாம்ல?"

"கோழிய விட்டுட்டு எப்படிப் போவீங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பி வேலியைப் பார்த்தாள். கோழி செத்துவிடும் என்று பயந்துதான் அவள் கண் கலங்குகிறது என்று எனக்குத் தோன்றியது. இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தேன்.

ரத்தம் குறைந்தது, நிற்கவில்லை. "படிகாரம் இருந்தா நின்னுரும்" என்றாள். அப்பா சவரம் செய்த பிறகு தாடையில் தேய்க்கிற கட்டி, மாடக்குழியில் அவருடைய டப்பாவில் இருந்தது. "அவுக சாமான நான் தொட்டதில்லயே" என்று தயங்கினாள். பிறகு அவளே எழுந்துபோய் எடுத்தாள். ஓரத்தில் உடைத்து, அம்மியில் பொடியாக்கி, நகத்தின் முனையில் வைத்து அழுத்தினாள். கோழி ஒருமுறை உதைத்தது. சற்று நேரத்தில் ரத்தம் நின்றது. சட்டிக்கரியை வேப்பெண்ணெயில் குழைத்து மேலே தடவி, சிவப்பே கண்ணில் படாமல் மறைத்துத் துணி சுற்றினாள். மண் படாமல் காய்ந்த சாக்கை விரித்து, கோழியை அதில் விட்டுப் பஞ்சாரத்தைக் கவிழ்த்தாள். மற்ற கோழிகள் கூடையைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டுக் குப்பைக்குப் போயின.

சாயங்காலம் அப்பா சைக்கிளை நிறுத்தும்போதே சுவரில் ரத்தத்தைப் பார்த்துவிட்டார். சைக்கிள் சாய்ந்து விழுந்தது. அவர் நேராக என்னிடம் வந்து, என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முட்டியைப் பார்த்தார். தலையைத் தடவிப் பார்த்தார்.

"புள்ளைக்கு ஒண்ணுமில்ல" என்றாள் சின்னம்மா. "ரத்தம் கோழியோடது. நகம் வெட்டிருக்கா. உங்க வீட்டு அடையாளமாம்."

அப்பா பஞ்சாரத்தருகே குந்தி, ஓலை இடுக்கில் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "எடது காலுதான்" என்றார். பிறகு, "படிகாரம் வச்சியா?" என்று கேட்டார்.

"ஒங்க டப்பாவுலருந்து எடுத்தேன்."

"இருக்கட்டும்" என்றார். அன்று சாப்பிடும்போது கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தார். கோழி அந்தப் பக்கம் இருந்ததால் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை அந்த அண்ணன் வந்துவிட்டார். கையில் ஒரு சாக்குப் பை வைத்திருந்தார். எனக்கு வயிற்றுவலி நிஜமாகவே வந்துவிட்டது.

"கோழி காலு ஆறலண்ணே" என்றாள் சின்னம்மா.

"கூடையில போட்டுத் தூக்கிட்டுப் போவோம். ஒரு கோழிக்காகவா நிக்கிற?"

"கல்லுப்பட்டி போயி பஸ்ஸுல குலுங்குனா ரத்தம் திரும்பவும் வந்துரும். புண்ணு ஆறட்டும். நானே சொல்லி விடுறேன்."

"நல்ல கோழி, நல்ல புண்ணு" என்று சொல்லி, மோரைக் குடித்துவிட்டு, வெறும் பையோடு அவர் போனார்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் அப்பா சைக்கிளிலிருந்து இறங்கியதும், "காலு எப்படி இருக்கு?" என்று கேட்பார். சின்னம்மா துணியை அவிழ்த்துக் காட்டுவாள். "வீக்கம் இருக்கோ?" என்பார் அவர். "நேத்தைக்கு இன்னிக்குத் தேவலை" என்பாள் அவள். ஒருநாள் கல்லுப்பட்டி மருந்துக்கடையில் ஏதோ பவுடர் வாங்கிவந்தார். அவர் கோழியைப் பிடித்துக்கொள்ள, அவள் தூவினாள். இன்னொரு நாள் கோழிக்கென்று உடைத்த சோளம் வாங்கிவந்தார். கூடவே ஒரு முழம் பூவும் இருந்தது. கோழிக்குப் பூ எதற்கு என்று கேட்டேன். சின்னம்மா சோளத்தை மட்டும் கோழிக்குப் போட்டாள். நாளாக ஆக அந்தக் கூடையருகே அவர்கள் உட்காரும் நேரம் நீண்டது. என்னைச் சாப்பிடக் கூப்பிடவே மறந்தார்கள்.

எனக்குக் கவலை வந்துவிட்டது. கிட்டத்தட்ட மூன்று வாரமாகியும் ஆறாத புண் என்றால் அது லேசான புண்ணாக இருக்க முடியாது. ஒருநாள் அவர்கள் இருவரும் முற்றத்தில் இருந்தபோது, நானே கூடையை நிமிர்த்திக் கோழியை எடுத்துத் துணியை அவிழ்த்தேன். விரல் காய்ந்து கிடந்தது. பொருக்கு உதிர்ந்த தடம்கூடப் பழசாகிவிட்டது. அழுத்திப் பார்த்தேன். கோழி சும்மா இருந்தது. நகம் ஒரு நெல்லளவு வளர்ந்திருந்தது.

கோழியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "ஆறிருச்சு! எப்பவோ ஆறிப்போச்சு, பாருங்க!" என்று கத்தினேன்.

இருவரும் சந்தோஷப்படுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அப்பா சைக்கிள் சக்கரத்தைப் பார்த்தார். சின்னம்மா கோழியை வாங்கி, பெருவிரலால் நகத்தைத் தடவினாள்.

"மேலதான் ஆறிருக்கு" என்றாள்.

"ஆமா" என்றார் அப்பா. "அவசரப்படக் கூடாது. இன்னும் பத்து நாளாச்சும் கட்டணும்."

அவள் புதிதாக ஒரு துணியைக் கிழித்தாள். அவர் கோழியைப் பிடித்துக்கொண்டார். நல்ல காலுக்கு இரண்டு பெரிய ஆட்கள் உட்கார்ந்து கட்டுப் போடுவதைப் பார்த்தபோது, கோழியைப் பற்றி இவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று எனக்குப் பரிதாபமாக இருந்தது. இன்னும் இரண்டு முறை எடுத்துச் சொன்னேன். கேட்பதாக இல்லை. சரி, அவர்கள் பாடு என்று விட்டுவிட்டு விளையாடப் போய்விட்டேன்.