டில்லி போடாத கையெழுத்து

நாவலூர் கம்பெனிக்காரர்கள் கேட்டது ஒரே ஒரு காகிதம். மாதக் கடைசிக்குள் 'பிரைவேட் லிமிடெட்' சர்டிபிகேட்டைக் காட்டினால் ஊழியர்களை ஏற்றி இறக்கும் வேன் கான்ட்ராக்ட் குமரேசனுக்கு, இல்லையென்றால் அடுத்தவருக்கு. குமரேசன் திருப்போரூர்க்காரர், விவசாயத்தை விட்டு வேனுக்கு வந்தவர். கான்ட்ராக்டை நம்பி டிரைவர்களுக்கு வேலை தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

நான் அப்போது செங்கல்பட்டில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் கம்பெனி பதிவு வேலை பார்த்தேன். ஃபைலைத் தூக்கிக்கொண்டு மின்சார ரயிலில் சென்னைக்கு ஓடுவதும் நான்தான். எனக்குப் பொறுமை கிடையாது. முடியாத ஃபைல் மேஜையில் கிடந்தால் சோறு இறங்காது.

கம்பெனிப் பெயருக்கு அப்ரூவல் வந்துவிட்டது. கம்பெனியின் நோக்கத்தைச் சொல்லும் மெமோரண்டம் அச்சாகி ஸ்டாம்ப் டூட்டியும் கட்டியாயிற்று. பாக்கி கடைசிப் பக்கம். குறைந்தது இரண்டு பேர் பெயர், அப்பா பெயர், விலாசம், தொழில், எத்தனை ஷேர் என்று தங்கள் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். குமரேசன் போட்டுவிட்டார். இரண்டாவது ஆள் அவர் தங்கை புருஷன் டில்லி. இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்று இழுத்தார். அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் புதுத் தொழில் வேண்டாம், ஆவணியில் பார்க்கலாம் என்று சொல்லியனுப்பினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆவணி வரை நாவலூர்க்காரன் காத்திருப்பானா? குமரேசன் எங்கள் ஆபீசில் உட்காருவதும் எழுவதுமாக இருந்தார். வேறு ஆளைப் போடலாமே என்றேன். தங்கை மனசு கஷ்டப்படும் என்றார். நானே பஸ் ஏறினேன்.

டில்லி வீட்டில் காபி கொடுத்தார்கள். ஆடிப்பட்டம் தேடி விதைக்கிற குடும்பத்தில் பிறந்துவிட்டு இப்படிப் பேசலாமா என்று சீண்டிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ஆடியெல்லாம் சும்மா, மேடம். எனக்குப் பயமா கீது."

முன்பு ஒரு சிநேகிதனோடு பார்ட்னர்ஷிப்பில் லோடு லாரி ஓட்டியிருக்கிறார். சிநேகிதன் தொழில் பேரில் கடன் வாங்கிவிட்டு ஊரைவிட்டே போய்விட்டான். கடன்காரர்கள் டில்லியிடம் வந்தார்கள். நிலம் போயிற்று. மிச்சம் இந்த வீடுதான்.

பார்ட்னர்ஷிப்பில் ஒருவன் வாங்கிய கடன் எல்லார் தலையிலும் விழும். லிமிடெட்டில் அப்படியில்லை, ஷேருக்குப் போட்ட பணத்தோடு நஷ்டம் நின்றுவிடும் என்று விளக்கினேன்.

"இத்த எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே" என்றார். யார் சொல்வது? குமரேசனுக்கே 'பிரைவேட் லிமிடெட்' என்பது வேனில் எழுதும் இரண்டு வார்த்தைதான்.

பிறகு கேட்டார்: "பேங்க்ல தனியா கையெழுத்து கேட்டா?"

மழுப்பினால் வேலை முடிந்துவிடும், அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல வாய் வரவில்லை.

"அது பர்சனல் கியாரண்டி, கம்பெனி கடனுக்கு நீங்களே ஜவாப்தாரி. அதுல போட்டீங்கன்னா வீடும் போகும். லிமிடெட் காப்பாத்தாது."

கெட்டது காரியம் என்றுதான் நினைத்தேன். அவர் பேனாவைக் கேட்டார்.

"அப்ப இதுல போடறேன். அதுல போடமாட்டேன்."

சர்டிபிகேட் நாள் தவறாமல் வந்தது, கான்ட்ராக்டும் வந்தது. சில வருஷம் வேன்கள் நன்றாகவே ஓடின. குமரேசனுக்கு இன்னும் வேன்கள் வாங்க ஆசை. கம்பெனியின் டைரக்டர்களான இரண்டு பேரும் கியாரண்டி தரச் சொன்னது பேங்க். குமரேசன் போட்டார். டில்லி மாட்டேன் என்றார். மச்சானும் மாப்பிள்ளையும் பேச்சை நிறுத்தினார்கள். கேட்ட கடனில் பாதிதான் கிடைத்தது. குமரேசன் எனக்குப் போன் செய்து, நீங்கள்தான் அவனைக் கெடுத்தீர்கள் என்று கத்தினார். நானும் பதிலுக்குக் கத்தினேன். அன்று முழுக்க மனசு ஆறவில்லை.

அப்புறம் நாவலூரில் ஆட்குறைப்பு வந்தது. கான்ட்ராக்ட் நின்றது. வேன்களைப் பேங்க் எடுத்துக்கொண்டது. அப்படியும் கடன் அடையவில்லை, குமரேசனின் வீடு ஏலத்துக்குப் போயிற்று.

கம்பெனியை மூடுகிற பேப்பர்களில் கையெழுத்து வாங்க அவரைத் தேடிப் போனேன். டில்லி வீட்டில்தான் குடும்பத்தோடு இருந்தார். கூடத்தில் இரண்டு குடும்பத்துப் பிள்ளைகளும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டில்லி சாதம் போட்டுக்கொண்டிருந்தார்.

குமரேசன் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "அன்னிக்கி மாப்ளயும் போட்டிருந்தா, நாங்க எல்லாரும் ரோட்டுல நின்னுகினு இருப்போம், மேடம்."

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. ஒருவர் கையெழுத்துப் போடத் தயங்கினால் அவசரப்படுத்தாதீர்கள், எதற்குப் பயப்படுகிறார் என்று கேளுங்கள். அதன்பின் ஓய்வு பெறும்வரை, கம்பெனி தொடங்க வந்த எல்லாரிடமும் பர்சனல் கியாரண்டியைப் பற்றித்தான் முதலில் பேசினேன். சிலர் பயந்துபோய் எழுந்து போய்விட்டார்கள். ஆடிட்டர் என்னைத் திட்டினார். திட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.